இப்போதைக்கு வேண்டாம்

கவுன்சிலிங் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவம் எதையாவது எழுதித் தரச் சொன்னார்கள். கூடவே, "மேடம், அறிவுரை அதிகம் இல்லாமல்" என்றும் ஒரு வார்த்தை போட்டார்கள். ஓய்வு பெற்றவளிடம் அறிவுரை இல்லாமல் எழுதச் சொல்வது, சமையல்காரரிடம் உப்பில்லாமல் சமைக்கச் சொல்வது மாதிரி. ஆனாலும் முயற்சி செய்கிறேன்.

போன மாதம் உங்களில் ஒருத்தி என் வீட்டுக்கு வந்திருந்தாள். கெட்டிக்காரப் பெண். காபி ஆறுவதற்குள் என்னிடம் ஒரு கூடைக் கேள்விகள் கேட்டு, நான் எந்த வகை மனுஷி என்பதை நான்கு ஆங்கில எழுத்துகளில் சொல்லிவிட்டாள். எழுபது வயதைத் தாண்டிய பிறகுதான் நான் யார் என்பதே எனக்குத் தெரியவந்தது. அதோடு விட்டாளா? "குழந்தையே வேண்டாம்னு வர்றவங்க பெரும்பாலும் இந்த டைப்தான் ஆன்ட்டி" என்று இன்னொரு நான்கு எழுத்தைச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்து காபி புரையேறிவிட்டது. பாவம், அந்தப் பெண் பயந்துபோய் என் தலையில் தட்டினாள். நான் சிரித்தது அவளைப் பார்த்து அல்ல. ஏறக்குறைய அதே வார்த்தையை எழுபதுகளின் தொடக்கத்தில், மயிலாப்பூரில், எங்கள் டாக்டர் வாயால் கேட்டிருக்கிறேன். அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன்.

மயிலாப்பூர் குளத்தை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் கிளினிக் இருந்தது. ஒரு தர்ம ஸ்தாபனம் நடத்தியது. போர்டில் 'தாய் சேய் நலம்' என்பது கொட்டை எழுத்தில் இருக்கும். 'குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசனை' என்பது அதன் கீழே, வெட்கப்படுகிற மாதிரி சின்னதாக இருக்கும். வருகிறவர்களும் அப்படித்தான் வருவார்கள். கையில் அர்ச்சனைக் கூடை இருக்கும், கோயிலுக்குப் போகிற நடை நடப்பார்கள், சந்து முனையில் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்கள், சட்டென்று உள்ளே நுழைந்துவிடுவார்கள். கபாலீஸ்வரருக்குப் போகவேண்டிய தேங்காய் பல நாள் எங்கள் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கும்.

அங்கே நான் ஆலோசனை சொல்கிறவள். நர்ஸ் இல்லை. ஆனாலும் வெள்ளைப் புடவை கட்டியிருந்ததால் எல்லோருக்கும் நான் 'சிஸ்டர்'. இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொல்லுமுன். குடும்பக் கட்டுப்பாட்டு கிளினிக்கில் வேலை பார்த்துக்கொண்டே மூன்றாவது பிள்ளையைப் பெற்ற பெருமை எனக்கு உண்டு. 'போதும் இரண்டு' என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு, ஏழு மாத வயிற்றோடு நான் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த காலத்தில், வந்தவர்கள் என் முகத்தையும் பார்ப்பார்கள், வயிற்றையும் பார்ப்பார்கள். ரொம்பப் பேர் மரியாதைக்காகச் சிரிக்காமல் இருந்தார்கள்.

எங்கள் டாக்டர் அருமையான மனுஷி. கைராசிக்காரர். வெளிநாட்டில் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்தவர், வரும்போது மனித மனத்தை இரண்டு வகையாகப் பிரித்துக்கொண்டு வந்துவிட்டார். தனக்குள்ளேயே இருக்கிறவர்கள் உள்முகம். நாலு பேரோடு கலகலவென்று இருக்கிறவர்கள் வெளிமுகம். உள்முகங்கள் பிள்ளை குட்டி என்றால் பயப்படும், வெளிமுகங்கள் பெற்றுத் தள்ளும் என்பது அவருடைய கட்சி. வருகிறவர்கள் எந்த முகம் என்று முதலிலேயே கண்டுபிடித்துவிட்டால் ஆலோசனை சொல்வது சுலபம் என்று எங்களுக்கும் கற்றுக்கொடுத்தார்.

கேள்விகளை ஆங்கிலத்திலிருந்து தமிழில் மாற்றியதில்தான் வந்தது வினை. மந்தைவெளியிலிருந்து வந்த ஒரு அம்மாளிடம், "நீங்கள் தனிமையை விரும்புபவரா?" என்று நான் கேட்டேன். "தனிமையா? எங்காத்துல பதினாலு பேர். பாத்ரூம் வாசல்லயே ரெண்டு பேர் நின்னுண்டிருப்பா. நீங்க எங்கேயாவது கிடைக்கும்னு சொல்லுங்கோ, இப்பவே கிளம்பறேன்" என்றாள். சரி, நேரடியாகவே கேட்டுவிடுவோம் என்று டாக்டர், "நீங்க உள்முகமா, வெளிமுகமா?" என்று கேட்டார். அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "எங்காம் வடக்குப் பார்த்த ஆம், டாக்டர்" என்றாள். டாக்டர் அதையும் விடாமல் குறித்துக்கொண்டார்.

இந்த மாதிரி ஓடிக்கொண்டிருந்த நாளில்தான் சுகந்தி வந்தாள்.

கோபாலபுரத்தில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். நல்ல உயரம். உள்ளே வரும்போதே சிரிப்புச் சத்தம் முன்னால் வரும். பெஞ்சில் அம்மா மடியில் அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தை, இவள் கண்ணைச் சிமிட்டியதும் அழுகையை நிறுத்திவிட்டு இவள் மடிக்குத் தாவிவிட்டது. டாக்டர் கதவு இடுக்கு வழியாகப் பார்த்து, என் காதில் "வெளிமுகம். நாலு பெத்துப்பா, பாரு" என்றார்.

கூட வந்த கணவன் எதிர்ப்பதம். ஒல்லியாக, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் அவனை உட்காரவைத்து, வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"நீங்க உள்முகமா, வெளிமுகமா?"

"ஆறுமுகம், டாக்டர்."

அவன் பெயரே அதுதான். பெயரைக் கேட்கிறார்கள் என்று நினைத்துப் பவ்யமாகச் சொன்னான். சுகந்தி மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். நான் ஏதோ எடுக்கிற மாதிரி அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சிரிப்பெல்லாம் ஓய்ந்த பிறகு சுகந்தி விஷயத்துக்கு வந்தாள். "டாக்டர், எங்களுக்குக் குழந்தை வேண்டாம். அதுக்கு ஏதாவது மாத்திரை இருந்தா குடுங்க."

"எத்தனை வருஷத்துக்கு?"

"எப்பவுமே."

டாக்டர் ஆறுமுகத்தை வெளியே அனுப்பிவிட்டார். அவருடைய கணக்குப்படி உள்முகக் கணவன்தான் வில்லன், இந்தக் கலகலப்பான பெண்ணைப் பயமுறுத்தி வைத்திருக்கிறான். "உண்மையைச் சொல்லுடிம்மா, அவன் கட்டாயப்படுத்தறானா? ஒனக்குக் கொழந்தைகளைப் பிடிக்கறதே, நான் பார்த்தேனே" என்றார் பரிவாக.

சுகந்திக்கு ஆச்சரியம். "பிடிக்கும் டாக்டர். காலைல இருந்து சாயங்காலம்வரை அதுங்களோடதான் இருக்கேன். ஒண்ணொண்ணும் உயிர். ஆனா எனக்குன்னு ஒண்ணு வேணும்னு தோணவே இல்ல. பசிக்காதவங்ககிட்ட ஏன் பசிக்கலைன்னு கேட்டா என்ன சொல்வாங்க? பசிக்கல, அவ்வளவுதான்."

பெண் பார்க்க வந்த அன்றே இதை அவனிடம் சொல்லிவிட்டாளாம். பெரியவர்கள் மனமிரங்கி மொட்டை மாடியில் கொஞ்ச நேரம் பேசவிட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை. இவள் எதையாவது சொல்லி அவனை ஓட்டிவிடலாம் என்றுகூட நினைத்து, "எனக்குப் பிள்ளை பெத்துக்க இஷ்டமில்ல" என்று போட்டு உடைத்தாள். அவன் முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்து, "இத எப்படிச் சொல்றதுன்னுதான் நானும் முழிச்சுக்கிட்டிருந்தேன்" என்றான். அந்த நிமிஷமே அவளுக்கு அவனைப் பிடித்துப்போய்விட்டது.

கேட்டு முடித்த டாக்டருக்குத் தன் கணக்கு உதைத்ததில் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் மாத்திரை கொடுத்தார். பிரச்சினை மாத்திரை இல்லை. ஆறுமுகத்தின் அம்மா.

அந்த அம்மாளுக்குத் திருநெல்வேலிப் பக்கம். கணவர் போன பிறகு, தியாகராய நகரில் இருந்த ஜவுளிக்கடையைத் தனி ஆளாக நிமிர்த்தியவர். கல்லாவில் மகன் உட்காருவான். கடையின் உள்கட்டில், வெள்ளைத் துணி விரித்த மெத்தையில் உட்கார்ந்து, கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்களுக்கு அவரே சேலை காட்டுவார். அவர் விரித்த சேலையை எடுக்காமல் எழுந்தவர்கள் குறைவு என்று பாண்டி பஜார் பக்கமெல்லாம் பேச்சு. அந்த அம்மாளிடம்தான் இவர்கள் 'பிள்ளை வேண்டாம்' என்று சொல்லவேண்டும்.

"சொல்லிடாதீங்கோ" என்றார் டாக்டர். "கேட்கறச்சே எல்லாம் 'இப்போதைக்கு வேண்டாம்'னு சொல்லிண்டே வாங்கோ. காலம் போகப் போகத் தானே அடங்கிடும்." அது எங்கள் கிளினிக்கின் வழக்கமான வார்த்தை. மாமியாருக்குப் பயந்தவர்கள், மாமனாருக்குப் பயந்தவர்கள், கொழுந்தனுக்குப் பயந்தவர்கள் எல்லோருக்கும் மாத்திரையோடு சேர்த்து அதையும் கொடுத்தனுப்புவோம். கேட்க இதமாக இருக்கும். யாருக்கும் கோபம் வராது.

சில வருஷம் ஓடியது. சுகந்தி மாதாமாதம் வந்து போவாள். வீட்டில் என்ன சொல்லிவிட்டு வருகிறாய் என்று ஒருநாள் கேட்டேன். "மயிலாப்பூர்ல ஒரு டாக்டரம்மாகிட்ட காட்டறேன்னு சொல்லியிருக்கேன் சிஸ்டர். உங்க போர்டுல தாய் சேய் நலம்னுதானே இருக்கு? அத்தை தானாவே ஒண்ணு நினைச்சுக்கிட்டாங்க" என்று சிரித்தாள். அதாவது, 'இப்போதைக்கு வேண்டாம்' என்பது ஏதோ குறையை மறைக்கச் சொல்கிற வார்த்தை, பிள்ளை பிறக்க நாங்கள் வைத்தியம் செய்கிறோம் என்று அந்த அம்மாள் நம்பிக்கொண்டிருந்தார். எங்கள் மாத்திரையை வெள்ளிக்கிழமை தோறும் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் மருமகள் கையில் கொடுப்பாராம்.

நானும் சிரித்தேன். அன்றைக்கு அது தமாஷாகத்தான் இருந்தது.

இதற்கிடையில் அந்த அம்மாள் சும்மா இருக்கவில்லை. லேகியம் வந்தது. மகன் வடபழனி கோயில் பிரகாரத்தில் ஈர வேட்டியோடு உருண்டான். "முருகா, எங்கள இப்படியே வச்சிருன்னு வேண்டிக்கிட்டே உருண்டேன் சிஸ்டர்" என்று ஆறுமுகம் என்னிடம் சொன்னான். அவன் பேசினால் அபூர்வமாக இப்படித்தான் பேசுவான்.

ஒருநாள் மத்தியானம். டாக்டர் ஒரு பிரசவத்துக்காக அடையாறு போயிருந்தார். கிளினிக் ஆயா முனியம்மா மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

"சிஸ்டர், சிஸ்டர்! அந்த சிரிக்கிற டீச்சரம்மா இல்ல? அத்தோட மாமியாக்காரி வந்துகினு கீது. புள்ளையும் கூட கீறாரு. இன்னா சிஸ்டர், மேட்டர் கிழிஞ்சிடுச்சா?"

மூன்று பேரும் உள்ளே வந்தார்கள். முன்னால் அந்த அம்மாள். கட்டையான உருவம், நெற்றியில் திருநீறு, கையில் பெரிய துணிப்பை. பின்னால் ஆறுமுகம். கடைசியில் சுகந்தி. அவள் சிரிக்காமல் உள்ளே வந்து நான் பார்த்ததே இல்லை.

"நீங்கதான சிஸ்டரு? உக்காருங்க, நிக்காதிய" என்று என் நாற்காலியில் என்னையே உட்காரச் சொன்னார் அந்த அம்மாள். "இவ எத்தனை வருசமா உங்ககிட்ட மருந்து சாப்பிடுதா. ஒண்ணும் கேக்கலியேம்மா?"

மருந்து நன்றாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அதை எப்படிச் சொல்வது?

"உங்களக் குத்தம் சொல்லல. நாளைக்கு இவள ஒரு நர்சிங் ஹோம்ல சேக்கோம். மயக்க மருந்து குடுத்து வயித்தச் சுத்தம் பண்ணிட்டா தங்கும்னு சொல்லுதாவ. எல்லாம் பேசியாச்சு. அந்த டாக்டரு, இதுவரைக்கும் என்ன மருந்து குடுத்தாவன்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு. இவகிட்ட என்ன குறைன்னும் கேட்டாரு. சொல்லிருங்க, போயிருதோம்."

அந்தக் காலத்தில் பிள்ளை இல்லை என்றால் இந்தச் 'சுத்தம்' செய்வது சர்வ சாதாரணம். உங்களுக்கு இப்போது கேட்க விசித்திரமாக இருக்கும். ஒரு நோயும் இல்லாத பெண். நாளைக்கு மேசையில் படுக்கவைத்து, மயக்கம் கொடுத்து, கத்தி எடுக்கப் போகிறார்கள். எதற்காக? இதமான ஒரு வார்த்தைக்காக.

நான் சுகந்தியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே, "பரவால்ல சிஸ்டர். ஒருநாள்தானே. நான் போய்ட்டு வந்துடறேன்" என்றாள். ஒரு வாக்கியத்தைச் சொல்வதைவிட ஆபரேஷன் சுலபம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அந்த அம்மாள் மேல் அவளுக்குப் பயம் மட்டும் இல்லை, பிரியமும் இருந்தது. அதுதான் சிக்கல்.

ஆறுமுகம் திடீரென்று, "எம்மா, எங்கிட்டதான் குறை" என்றான்.

"சும்மா கெட. ஒனக்கு ஒரு குறையும் இல்லன்னு பெரிய டாக்டரே சொல்லியாச்சு."

இப்போது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இந்த இடத்தில் நீங்கள் என் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். உண்மையை நான் சொல்லமுடியாது. அது அவர்களுடைய ரகசியம், என்னை நம்பிக் கொடுத்தது. பொய் சொல்லலாம். 'இவளுக்குக் கர்ப்பப்பை பலவீனம், பெற முடியாது' என்று ஒரு வரி சொன்னால் நாளைய ஆபரேஷன் நின்றுவிடும். ஆனால் அந்த ஒரு வரியோடு சுகந்தி ஆயுசுக்கும் மலடி என்ற பெயரைச் சுமக்கவேண்டும், மகனுக்கு இரண்டாம் தாரம் என்று பேச்சு ஆரம்பிக்கும். டாக்டர் வரட்டும் என்று தள்ளிப்போடலாம். பிரசவம் எப்போது முடியும் என்று யாருக்குத் தெரியும், அவர் வருவதற்குள் நாளை ஆகிவிட்டால்?

நாக்கு நுனிவரை பொய் வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், நல்ல பொய்யாகத்தான் வந்தது.

அதை விழுங்கிவிட்டு, "யாரிடமும் குறை இல்லை அம்மா" என்றேன். "நாளைக்கு நர்சிங் ஹோமுக்குப் போகவேண்டிய அவசியமும் இல்லை. ஏன் என்பதை இவர்கள் இரண்டு பேரும்தான் உங்களிடம் சொல்லவேண்டும். எனக்கு ஒரு நிமிஷம் கொடுங்கள்."

அந்த அம்மாளை முனியம்மாவோடு பெஞ்சுக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். "அம்மா பிள்ளையைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்லி வருகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"நீங்க சொல்லிக்குடுத்ததுதான் சிஸ்டர். இப்போதைக்கு வேண்டாம்னு" என்றாள் சுகந்தி.

"அதில் முதல் வார்த்தையை எடுத்துவிட்டு மிச்சத்தைச் சொல்லுங்கள். நான் இங்கேயே இருக்கிறேன். சொல்லமுடியாது, நாளைக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறேன் என்றால் உன் உடம்பு, உன் இஷ்டம். ஆனால் எனக்கு வயிறு எரியும். அதையும் சொல்லிவிடுகிறேன்."

கதவைத் திறந்தேன். நான் சுகந்தி பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். வாய் ஓயாமல் பேசுகிறவள், பிள்ளைகளுக்கு மணிக்கணக்கில் கதை சொல்கிறவள், அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். பேசியது ஆறுமுகம். மின்விசிறியைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்துப் பேசினான்.

"எம்மா, எங்களுக்குப் பிள்ளை வேண்டாம்."

"அதான் தெரியுமே. இப்போதைக்கு வேண்டாம். சரி, எப்பம்?"

"எப்பவுமே வேண்டாம்மா. கட்டிக்கிடும்போதே ரெண்டு பேரும் பேசிக்கிட்டதுதான். அவமேல ஒண்ணும் இல்ல, எம்மேலயும் ஒண்ணும் இல்ல. வேணும்னு எங்களுக்குத் தோணல. இங்க குடுக்கிற மருந்தும் அதுக்குத்தான்."

முனியம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அடி விழும், சாபம் விழும், கிளினிக் ஓடு பறக்கும் என்றெல்லாம் நினைத்து நான் எழுந்தே நின்றுவிட்டேன். அந்த அம்மாள் மகனை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏல, நீ கடையில பொறந்து வளந்தவன்தான?"

"ஆமாம்மா."

"ஒருத்தி வந்து சேலையப் பாத்துட்டு, 'இப்போதைக்கு வேண்டாம்'னு சொல்லுதா. நாம என்னல செய்வோம்?"

"இன்னும் நாலு சேலை எடுத்து விரிப்போம்."

"ஒருத்தி, 'வேண்டாம்'னு சொல்லுதா?"

"மடிச்சு வச்சிருவோம்."

"அப்பம் என்னை ஏம்ல இத்தனை வருசமா விரிக்க விட்ட?"

அந்த அம்மாளுக்குக் குரல் உடைந்துவிட்டது. "கோயில் கோயிலா அலைஞ்சேன். இந்தப் பிள்ளையப் போட்டு லேகியமும் கசாயமும் குடுத்துக் கொன்னேன். நாளைக்கு மயக்க மருந்து குடுத்து... ஏட்டி, நீ அதுக்கும் சரின்னு வந்துருக்கியே! ஒரு வார்த்த சொன்னா நான் உன்னைக் கடிச்சா தின்னுருவேன்?"

"அத்தை..." என்று சுகந்தி அழ ஆரம்பித்தாள். அந்த அம்மாளும் அழுதார். அவருக்கு ஒரு பேரனை மடியில் போட்டுக்கொள்ள ஆசை இருந்தது. அதை மறைக்கவும் இல்லை. "எனக்கு ஆசைதான். இல்லன்னு சொல்லமாட்டேன். அது ஆறதுக்கு நாள் ஆகும். அதுவரைக்கும் கொஞ்சம் மூஞ்சியத் தூக்கிவச்சிட்டுத்தான் இருப்பேன், பொறுத்துக்கிடுங்க" என்றார். இவ்வளவு நேர்மையாக ஒருவர் தன் துக்கத்துக்கு அவகாசம் கேட்டு நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. என் கண்ணும் கலங்கிவிட்டது. பிறகு அவர் மூக்கைச் சிந்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "நர்சிங் ஹோமுக்கு ஒரு போனு போடணும். இங்க போனு இருக்கா, இல்ல அதுவும் இப்போதைக்கு இல்லியா?"

அவர்கள் போன பிறகு முனியம்மா என்னிடம் வந்தாள். "இன்னா சிஸ்டர் இது, வேணாம்னு சொன்னா உட்டுடுவாங்களா? எனக்கு அஞ்சு கீது. ஒருத்தராச்சும் ஒனக்கு வேணுமா வேணாமான்னு கேட்டுகினு வரலியே!" என்றாள். அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். டீ வாங்கிக் கொடுத்தேன்.

சாயங்காலம் டாக்டர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பேசினது அவனா? அப்போ அவன் வெளிமுகமா?"

"ஆறுமுகம், டாக்டர். சௌகரியத்துக்கு ஒண்ணைத் திருப்பிக்கிறார்" என்றேன்.

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அவரிடம் எனக்குப் பிடித்ததே அதுதான், தன்னையே பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவர். பிறகு கண்டிப்பான குரலில், "நாளையிலேர்ந்து நம்ம கிளினிக்ல அந்த 'இப்போதைக்கு' வேண்டாம்" என்றார்.

"இப்போதைக்கா, எப்பவுமேவா டாக்டர்?"

"எப்பவுமே! போய் வேலையைப் பாருடி."

அதற்குப் பிறகு நாங்கள் வருகிறவர்களிடம் முகம் பார்க்கிற வேலையை விட்டுவிட்டோம். கலகலப்பானவர்கள் வேண்டாம் என்றார்கள், கூச்சமானவர்கள் வேண்டும் என்றார்கள், மூன்று போதும் என்று சத்தியம் செய்தவர்கள் நான்காவதோடு வந்தார்கள். ஒரு பெண் அவசரத்தில் வேண்டாம் என்பாள், இன்னொருத்தி பத்து வருஷம் யோசித்துவிட்டு வேண்டாம் என்பாள். அவரவரைக் கேட்டால்தான் அவரவர் தெரிவார்கள். உங்கள் நான்கு எழுத்தையும் தூக்கிப் போடச் சொல்லவில்லை. பேச்சை ஆரம்பிக்க உதவும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒருவர் வாயில் உங்கள் வார்த்தையைத் திணித்து அனுப்பாதீர்கள். இதமான வார்த்தையாக இருந்தால் அனுப்பவே அனுப்பாதீர்கள். பார்த்தீர்களா, அறிவுரை வந்துவிட்டது.

கதையில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த தீபாவளி சமயம், நாத்தனாருக்கு ஒரு பட்டு எடுக்க நான் தியாகராய நகர் போனேன். வேண்டுமென்றேதான் அந்தக் கடைக்குப் போனேன். உள்கட்டில் கூட்டம். அந்த அம்மாள் மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு கல்யாண வீட்டுக் கும்பலுக்குச் சேலை காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணாலேயே உட்காரச் சொன்னார். மூலையில் சுகந்தி, அவர்களோடு வந்த பொடிசுகளை எல்லாம் சேர்த்து உட்காரவைத்து, ஜரிகைக் காகிதத்தில் கப்பல் செய்துகொண்டிருந்தாள். ஒரே சிரிப்பு.

கும்பலில் கழுத்து நிறைய நகை போட்ட ஒரு சொந்தக்கார அம்மாள், சேலையைத் தடவிக்கொண்டே சுகந்தியைப் பார்த்தாள். இந்தக் கேள்வி வரும் என்று எனக்கு அவள் கண்ணைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சுகந்திக்கும் தெரிந்துவிட்டது, கப்பல் மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"ஏன் மதினி, பிள்ளைகள்னா இப்படி உயிர விடுதாளே மருமக. விசேசம் ஒண்ணும் இல்லியா இன்னும்?"

அந்த அம்மாள் தலையை நிமிர்த்தவில்லை. ஒரு அரக்கு நிறச் சேலையை அப்படியே அவள் மடியில் விசிறிவிட்டார்.

"ரெண்டு பேரும் வேண்டாம்னுட்டாவ. ஒனக்கு பார்டர் வச்சதுல காட்டட்டா, வைக்காததுல காட்டட்டா?"

நகை போட்ட அம்மாள் சேலையையும் சுகந்தியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "வச்சதுலயே காட்டுங்க" என்றாள்.